ஸ்லெட்டுக்கு இன்னும் கொஞ்சம் பவர் வேணும், டியூனிங் தலையிடி இல்லாமல் – உதவி

பனிக்காடன் | சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். என்ர பொலாரிஸ் ஸ்லெட்டுக்கு (பனியில ஓடுற ஸ்னோமொபைல்) இன்னும் கொஞ்சம் பவர் எடுக்க வேணும். ஜெட் (காபரேட்டரில காஸ் போற துளை) மாத்துறது, கிளட்ச் கழட்டுறது எல்லாம் எனக்கு ஒத்துவராது. பூட்டினா ஓட வேணும், அவ்வளவுதான். எஞ்சின் காத்து இழுக்கிற ஏர்பாக்ஸ் மூடியை எடுத்துவிட்டா எஞ்சின் நல்லா மூச்செடுக்கும் எண்டு ஒருத்தர் சொன்னார், எடுத்தன். இண்டைக்கு ஏரியில சிநேகிதன்ர 600 சிசி ஸ்லெட் என்னை விட்டுட்டுப் போட்டுது. என்ரது 700! எஞ்சின் கத்துற கத்துக்கு வண்டி போகுதில்லை. 150 டொலருக்குப் பழைய எக்ஸாஸ்ட் பைப் ஒண்டு வாங்கி வச்சிருக்கிறன், அதைப் பூட்டினாச் சரிவருமோ? நாளைக்கு விடிய 8 மணிக்கு வெளிக்கிடுறம். கெதியாச் சொல்லுங்கோ.

பட்டறைமாமா | சனி, இரவு 9:52

தம்பி, பொலாரிஸ் 700 எண்டா எத்தனை விதமான 700 இருக்கு எண்டு தெரியுமோ? எந்த ஆண்டு, எந்த மாடல், காபரேட்டரோ இன்ஜெக்ஷனோ, ட்ராக் எத்தனை அங்குலம், எந்த ஏரி, என்ன குளிர், ஏர்பாக்ஸ் எடுத்த பிறகு ஜெட் மாத்தினனீரோ இல்லையோ. இதில ஒண்டையும் எழுதாமல் பவர் கேக்கிறீர். ஒவ்வொரு மாரிக்கும் நாலு பேர் இதையேதான் கேக்கினம், நானும் இதையேதான் திருப்பி எழுதுறன்.

ரெண்டுஸ்ட்ரோக்_குமார் | சனி, இரவு 10:05

ஏங்க, ரீட் வால்வை (எஞ்சினுக்குள்ள போன கலவை திரும்பி வராம தடுக்கற இதழ்) முதல்ல பாருங்க. கோயமுத்தூர்ல ஆர்.எக்ஸ் 100 பிரிச்சுப் போட்டே வளந்தவன் நான். 98 சிசிதான், ஆனா ரீட் இதழ் நுனி ஒரு இழை பிஞ்சிருந்தாலே மேல் சுத்துல செத்துப் போகும். உங்க ஸ்லெட்லயும் அதே தத்துவம்தான். நல்ல ரீட் கூடு ஒண்ணு வாங்கி மாட்டுங்க, வேற எதையும் தொட வேண்டாம். நீங்க கேட்ட "பூட்டினா ஓடணும்" வேலை அதுதான்.

நீலப்பனி | சனி, இரவு 10:11

ஒக்டேன் 91 காஸ் அடியுங்கோ. நான் 87 இல இருந்து மாறினனான், வண்டியின்ர குத்தே மாறிப்போச்சு. செலவும் பெரிசில்லை.

பட்டறைமாமா | சனி, இரவு 10:20

நீலப்பனி, ஒக்டேன் எண்டது சக்தியின்ர அளவு இல்லை. அமுக்கத்தில தானா வெடிக்காமல் காஸ் எவ்வளவு தாங்கும் எண்டதுதான் அந்த எண். கொம்பனி 87 போதும் எண்டு சொன்ன எஞ்சினுக்கு 91 ஊத்தினா கூட வாறது பில் மட்டும்தான். ஹெட் செதுக்கி அமுக்கத்தைக் கூட்டினவை 91 கேக்கட்டும்.

நீலப்பனி | சனி, இரவு 10:26

நான் ஓடிப் பாத்துத்தான் சொல்லுறன் மாமா. புத்தகத்தில இருந்து இல்லை.

ரெண்டுஸ்ட்ரோக்_குமார் | சனி, இரவு 10:34

ரெண்டு பேரும் எத்தனாலை (பெட்ரோல்ல கலக்கற ஆல்கஹால்) விட்டுட்டீங்க. 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்ல அதே ஜெட்டுக்குக் கலவை மூணு நாலு சதவீதம் லீன் ஆயிடும், அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தாது. அவங்க ஊர் பங்க்ல 91-ல எத்தனால் கம்மியா இருந்து, வண்டியும் ஏற்கெனவே லீனா ஓடிட்டிருந்தா, மாத்தினதும் நல்லா ஓடின மாதிரி தெரிஞ்சிருக்கும். அப்ப வேலை செஞ்சது ஆக்டேன் இல்லைங்க.

நீலப்பனி | சனி, இரவு 10:39

எதுவோ, ஓடுதுதானே!

பனிக்காடன் | சனி, இரவு 10:58

மன்னிக்கோணும் மாமா, அவசரத்தில எழுதிட்டன். 2002 ஆர்.எம்.கே 700, காபரேட்டர்தான், 144 அங்குல ட்ராக். நான் ஒண்டாரியோவில பரி எண்ட ஊரில இருக்கிறன், ஓடினது நிபிசிங் ஏரியில. விடிய மைனஸ் 27. ஜெட் ஒண்டும் மாத்தேல்லை. த்ரொட்டிலை முழுக்க அமத்தினா எஞ்சின் சுத்து காட்டுற முள்ளு 8,600க்குப் பாயுது. ஆனா வேகம் 110ஐத் தாண்டேல்லை.

வடக்குத்தடம் | சனி, இரவு 11:04

அந்தப் பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதுக்குச் சைலன்சர் இருக்கோ? ஒண்டாரியோ சட்டத்தில சைலன்சர் ஒழுங்கா வேலை செய்ய வேணும். வெறும் குழாயோட தடத்தில ஓடினா நிப்பாட்டித் துண்டு எழுதுவினம். அதைவிட, எங்கட தடங்கள் கனக்க ஆக்களின்ர காணிக்குள்ளால போகுது. சத்தம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒரு காணிக்காரர் "இனி வேண்டாம்" எண்டு சொன்னா அந்தத் தடமே மூடுப்படும். அப்பிடி மூடின தடத்தில நான் பத்து வருஷம் ஓடினனான்.

நீலப்பனி | சனி, இரவு 11:09

தடத்தில 50 கிலோமீட்டர்தான் எல்லை. அப்ப ஒருத்தரும் பவர் கூட்டக் கூடாதோ? ஏரியில ஓடுறவைக்கு என்ன?

வடக்குத்தடம் | சனி, இரவு 11:15

பவர் கூட்டுறதை நான் ஒண்டும் சொல்லேல்லை. சத்தத்தைத்தான் சொல்லுறன். சைலன்சரைக் கழட்டினா பவர் வரும் எண்டு நம்புறவைக்கு வாறது சத்தம் மட்டும்தான்.

ரெண்டுஸ்ட்ரோக்_குமார் | சனி, இரவு 11:21

வடக்குத்தடம் சொல்றது சரிதாங்க. ரெண்டு ஸ்ட்ரோக்ல பைப்புங்கறது வெறும் புகைக்குழாய் இல்லை. வயிறு மாதிரி உப்பி மறுபடி சுருங்குதில்ல, அங்க மோதித் திரும்பற அழுத்த அலைதான் எக்ஸாஸ்ட் வழியா வெளியேறப் பாக்கற புதுக் கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள்ள தள்ளும். அது போர்ட் மூடறதுக்குள்ள வந்து சேரணும். அதனால நீளம் ஒரு குறிப்பிட்ட சுத்துக்குத்தான் பொருந்தும். வேற மாடலோட பைப்பை மாட்டினா அந்தக் கணக்கே போச்சு. அதே மாடலோட பைப்பா இருந்தாலும் ஜெட் மாத்தாம மாட்டக் கூடாதுங்க.

கீதா_கால்கரி | சனி, இரவு 11:37

பனிக்காடன் ப்ரோ, ரெண்டு கேள்வி. ஆர்.எம்.கேன்னா மலை வண்டி. ஒண்டாரியோல அதை எங்க வாங்கினீங்க? இதுக்கு முன்னாடி அது எந்த ஊர்ல ஓடிட்டு இருந்தது? அடுத்தது, ரெண்டு பிளக்கையும் கழட்டி நிறம் என்னன்னு சொல்லுங்க. பைப்பைத் தொடாதீங்க. இதைப் பாக்கற வரைக்கும் நாளைக்குக் கிளம்பவும் கிளம்பாதீங்க.

பட்டறைமாமா | சனி, இரவு 11:45

பிளக் நிறத்தைக் கேக்க முதல் கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அமுக்கம்) பாக்க வேணும். ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கு. அது தெரியாமல் ஆளுக்கொண்டைச் சொல்லுறியள்.

கீதா_கால்கரி | சனி, இரவு 11:48

ராத்திரி பன்னெண்டு மணிக்கு அவர்கிட்ட அதை அளக்கற கேஜ் இருக்குமான்னு தெரியாது மாமா. பிளக் ஸ்பேனர் இருக்கும்.

பனிக்காடன் | ஞாயிறு, காலை 7:10

இப்பதான் பாத்தன். வண்டி ஐப்பசியில வாங்கினது. வித்தவர் பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பக்கம், ரெவல்ஸ்டோக்கில வேலை செய்துபோட்டு ட்ரெய்லரில கொண்டு வந்தவர். அது முக்கியம் எண்டு நினைக்கேல்லை. பிளக் ஒண்டு மண்ணிறம். மற்றது சோக்குக் கட்டி மாதிரி வெள்ளை, பீங்கானில மிளகுத்தூள் தூவின மாதிரி சின்னச் சின்ன மினுங்கல் பொட்டுகள். துடைச்சாப் போகுதில்லை.

பட்டறைமாமா | ஞாயிறு, காலை 7:14

ஸ்டார்ட் பண்ண வேண்டாம். அந்த மினுக்கம் அலுமினியம். உம்மட பிஸ்டன் உருகித் தெறிச்சு அங்க ஒட்டியிருக்கு.

கீதா_கால்கரி | ஞாயிறு, காலை 7:22

ப்ரோ, தயவுசெஞ்சு இன்னிக்குப் போகாதீங்க. நடு ஏரியில பிஸ்டன் சிக்கி எஞ்சின் நின்னா மைனஸ் 27-ல நடந்து வரணும்.

இப்ப எல்லாம் பொருந்துது. ரெவல்ஸ்டோக்ல நாங்க மலையேறினா 2,000 மீட்டரைத் தாண்டிடுவோம். அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கறதுல கிட்டத்தட்ட 80 சதவீதம்தான். காத்து கம்மின்னா பெட்ரோலும் கம்மியாத்தான் வேணும். அதனால சின்ன மெயின் ஜெட் போட்டு ஓட்டுவோம். நிபிசிங் ஏரி 196 மீட்டர். அங்க கெட்டியான காத்து, அதோட குளிர் வேற. சுழியம் டிகிரியில இருந்து மைனஸ் 27-க்கு இறங்கினாலே காத்து இன்னும் பத்து சதவீதத்துக்கு மேல அடர்த்தியாகும். எஞ்சின் இழுக்கற காத்து இவ்வளவு கூடியிருக்கு, ஜெட்டோட துளை மட்டும் மலைக்குப் போட்ட அதே துளை. நீங்க ஏர்பாக்ஸ் மூடியையும் எடுத்துட்டீங்க. பெட்ரோல் பத்தாம சிலிண்டர் வேகுது.

பெல்ட்டுக்கு மேல இருக்கற மூடியைப் பாருங்க. 2002 பொலாரிஸ்ல உயரமும் குளிரும் போட்டு ஜெட் அட்டவணை ஒட்டியிருப்பாங்க. உங்களுக்கானது 0–600 மீட்டர் வரிசை, அதுல மைனஸ் 27 அடங்கற குளிர்க் கட்டம். அங்க இருக்கற எண்ணையும் காபரேட்டர் கிண்ணத்தைக் கழட்டினா ஜெட் தலையில குத்தியிருக்கற எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்க. அட்டவணை முழுக்க ஏர்பாக்ஸ் மூடியோடதான், அதனால மூடியைத் திரும்பப் போட்டுடுங்க.

ரெண்டுஸ்ட்ரோக்_குமார் | ஞாயிறு, காலை 7:40

ரீட்னு நான் சொன்னதை ஓரமா வைங்க, கீதா பிடிச்சதுதான் விஷயம். அதே காரணத்துக்குக் கிளட்சையும் பாக்கணும். முன் கிளட்ச்சுல மூணு எடைக்கட்டை இருக்கும், ஒவ்வொண்ணுலயும் 10-56, 10-60 அப்படின்னு குத்தியிருக்கும், பின்னாடி வர்ற எண் கிராம். மலைக்காரங்க லேசான கட்டை போடுவாங்க, ஏன்னா அங்க எஞ்சினுக்கு இருக்கற பவரே கம்மி. கீழ வந்ததும் எஞ்சினுக்குப் பவர் கூடிடும், லேசான கட்டையால பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க முடியாது. அதான் முள் 8,600-க்குத் தாவுது, வண்டி நகரமாட்டேங்குது. உங்க எஞ்சின் முழு பவர் கொடுக்கறது 8,000 சொச்சத்துல. பொதுவா 2 கிராம் கூட்டினா 200 சுத்து இறங்கும். மூணையும் ஒரே எடையா மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்தினா அதிரும்.

நீங்க தேடின பவர் உள்ளயேதாங்க இருக்கு.

நீலப்பனி | ஞாயிறு, காலை 8:02

அப்ப 91 அடிச்சா அந்த வெப்பம் குறையாதோ?

பட்டறைமாமா | ஞாயிறு, காலை 8:09

குறையாது. கலவையில காஸ் காணாது எண்டா எந்த எண் அடிச்சாலும் காணாதுதான்.

பனிக்காடன், ஒழுங்காச் செய்யும். பிளக் துளைக்குள்ளால டோர்ச் அடிச்சு பிஸ்டன் தலையைப் பாரும். நல்ல எஞ்சினில கலவை வந்து விழுற ஓரங்களில கரி கழுவுப்பட்டுச் சுத்தமா இருக்கும், மற்ற இடம் கறுப்பு. உம்மடதில கழுவின இடமே இருக்காது. பிறகு எக்ஸாஸ்டைக் கழட்டி அந்தப் பக்கத்துப் பிஸ்டன் சுவரைப் பாரும். நிமிந்த கோடுகள் இருந்தா சிலிண்டரைக் கழட்டத்தான் வேணும். கொம்ப்ரஷன் ரெண்டுக்கும் பத்து வீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் வெள்ளை எண்டதாலதான் எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கு: அந்தப் பக்கத்துக் காபரேட்டர் ரப்பரை விரலால மடக்கிப் பாரும், வெடிப்பு இருந்தா அதால காத்து உறிஞ்சும். அதைப் பாக்காமல் ஜெட்டை மட்டும் மாத்தினா புதுப் பிஸ்டனும் போகும்.

வடக்குத்தடம் | ஞாயிறு, காலை 8:31

மாமா சொன்ன ரப்பரைக் கட்டாயம் பாருங்கோ. 20 வருஷத்துக்கு மேலான ரப்பர், அதுவும் குளிரில கிடந்தது. வெளியால பாத்தா ஒண்டும் தெரியாது, மடக்கினாத்தான் வாய் திறக்கும். என்ர எஞ்சின் அதிலதான் போனது.

கீதா_கால்கரி | ஞாயிறு, காலை 9:15

இன்னொண்ணு. எல்லாம் சரி பண்ணின பிறகும் கண்ணாடி மாதிரி பனிக்கட்டியில நண்பரோட 600 முந்தலாம். மலை வண்டிக்குச் செயின்கேஸ்ல (ட்ராக்கைச் சுத்தற சங்கிலிப் பெட்டி) பல்சக்கர விகிதத்தைத் தாழ்வா, இழுவைக்கு ஏத்த மாதிரி வச்சிருப்பாங்க, நீள ட்ராக், உயரமான துடுப்புப் பல். அது ஆழப்பனியில ஏறறதுக்கு. அங்க அவரைக் கூட்டிட்டுப் போங்க. பனி இல்லாத வெறும் ஐஸ்ல ரொம்ப தூரம் ஓட்டவும் வேண்டாம், ட்ராக் உரசி ஓடற ஸ்லைடுக்கும் ரேடியேட்டருக்கும் பனி தெறிச்சாத்தான் சூடு ஆறும்.

நீலப்பனி | திங்கள், மாலை 6:20

பனிக்காடன், போனனீங்களோ? ஒண்டும் எழுதேல்லை.

ரெண்டுஸ்ட்ரோக்_குமார் | செவ்வாய், இரவு 9:03

ஆள் என்ன ஆனாருங்க?

பனிக்காடன் | வெள்ளி, இரவு 10:47

போகேல்லை. எல்லாருக்கும் பெரிய நன்றி. வெள்ளைப் பக்கத்துப் பிஸ்டனில ரெண்டு கோடு, காபரேட்டர் ரப்பரும் வெடிப்பு. பிஸ்டன், ரிங், ரெண்டு ரப்பரும் புதுசு. ஜெட் அட்டவணைப்படி மாத்தினது, பழையது ஆக உயரத்து வரிசையில இருந்த எண். மூடி திரும்பப் பூட்டியாச்சு. எடைக்கட்டை ஒரு கடைக்காரர் இரவல் தந்தார். வீட்டுக்குப் பின்னுக்கு மட்டும் ஓடிப் பாத்தன், 8,050 இல நிக்குது, கையை இழுக்குது. பைப்பை வித்துப்போட்டன், 120க்கு.

ரெண்டுஸ்ட்ரோக்_குமார் | வெள்ளி, இரவு 11:02

ரொம்ப சந்தோஷங்க. எண்ணெய் பம்ப் கம்பியையும் ஒருதடவை சரிபாத்துடுங்க, காபரேட்டர் கழட்டி மாட்டும்போது அது இடம் மாறும். பழைய ஜெட்டுல குத்தியிருந்த எண் என்னங்க?