வலி மாத்திரையால் கூடும் காணாக்கடி: மரபணுச் சோதனை உதவுமா?

கேள்வி: நாள்பட்ட காணாக்கடி உள்ளவருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றிலும் தடிப்பு கூடுகிறது. மரபணுச் சோதனை எடுக்கலாமா?

பதில் 1: வேண்டாங்க, காசுதான் வீண். கொரியர்களிடம் எச்எல்ஏ (நோயெதிர்ப்பு மரபணுக்கள்) வகையில் டிஆர்பி1*1302-டிக்யூபி1*0609 தொகுப்பும், போலந்தில் எல்டிசி4 சிந்தேஸ் (லூக்கோட்ரையீன் என்ற அழற்சிப் பொருளை உருவாக்கும் நொதி) மரபணுவில் −444 என்ற இடத்து மாற்றமும் ஆஸ்பிரினால் வரும் காணாக்கடியுடன் தொடர்புள்ளவையாகத் தெரிந்தன. ஆனால் தனி ஒருவருக்கு முன்கூட்டிச் சொல்ல அவை போதா.

பதில் 2: மூன்றும் வெவ்வேறு வேதிக்குடும்பம். ஆகவே இது ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு எதிராக உடலில் உருவாகும் ஐஜிஇ எதிர்ப்பொருளால் வரும் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்த மாத்திரைகளால் காக்ஸ்-1 என்ற நொதி தடைபட்டு லூக்கோட்ரையீன் பெருகுவதே காரணம். பாராசிட்டமால் 500 மி.கி. பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், 1000 மி.கி.யில் சிலருக்குத் தடிக்கும். எடோரிகாக்சிப் (காக்ஸ்-1ஐ அதிகம் தடுக்காத வலி மாத்திரை) என்றால் முதல் வேளை மருத்துவர் கண்காணிப்பில்தான். சில சளி மாத்திரைக் கலவைகளிலும் ஐபுபுரூஃபென் ஒளிந்திருக்கும், அட்டையைப் படிங்க.

கேட்டவர்: அப்போது காணாக்கடிக்குத் தினசரி எடுக்கும் செட்ரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரையை நிறுத்தணுமா?

பதில் 2: தானாக நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் அடிப்படை நோயே பொங்கும். எதனால் தடித்தது என்று பிரித்தறிய முடியாது.