குழந்தை வறுமை ஒழிப்பில் முடிவெடுப்பவர்கள் மக்களே என்றால், நிறுவனத் தலைமையின் வேலை என்ன?

புதிய பொறுப்பாளர்:

வணக்கம். குழந்தை வறுமையைக் குறைக்கும் வழிகளை அந்தந்தக் குடியிருப்பு மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கு வேண்டிய நிதியையும் துணையையும் மட்டும் நாம் தர வேண்டும் என்ற கொள்கையுடைய ஒரு தொண்டு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். கொள்கையில் எனக்கு ஐயமில்லை, நடைமுறையில்தான் இடிக்கிறது.

ஒரு குடியிருப்பில் கல்விக்கென ஒதுக்கிய தொகையை எப்படிச் செலவிடலாம் என்று கேட்டபோது, மாலை வகுப்பு வேண்டாம், கைக்குழந்தைகளைப் பகலில் விட்டுச் செல்ல ஓர் இடம்தான் வேண்டும் என்று தாய்மார்கள் சொன்னார்கள். விடியும் முன்பே பெரியவர்கள் வேலைக்குக் கிளம்பிவிடும் வீடுகளில், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காக மூத்த பெண் பிள்ளை பள்ளியிலிருந்து நின்றுவிடுகிறாள். அவளை அந்தச் சுமையிலிருந்து விடுவிக்காமல் எந்த வகுப்பை நடத்தினாலும் அவள் வரப்போவதில்லை என்பது அவர்களின் வாதம். எனக்கு அது சரியாகவே பட்டது. ஆனால் அறங்காவலர்களில் இருவர், இது கல்வித் திட்டமே ஆகாது என்கிறார்கள். நிதி தந்தவரின் படிவத்திலோ வகுப்புகள் எத்தனை, வந்த மாணவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே உள்ளன.

மக்களின் முடிவுக்கு எவ்வளவு தூரம் இடம் கொடுக்கலாம்? தலைமைப் பொறுப்பில் இருப்பவர் எந்த இடத்தில் குறுக்கிட வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

களப்பணி மூத்தவர்:

உங்கள் அறங்காவலர்களிடம் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். குழந்தையின் வறுமை என்று தனியாக ஒன்று இல்லை. அது குடும்பத்தின் வறுமை குழந்தையின் மேல் விழும் விதம். 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 27ஆம் பிரிவே இப்படித்தான் அமைந்திருக்கிறது: போதிய வாழ்க்கைத் தரம் குழந்தையின் உரிமை, அதை உறுதிசெய்யும் முதற்பொறுப்பு பெற்றோருடையது, அவர்களால் அது இயலுவதற்குத் துணைநிற்க வேண்டியது அரசு. பெற்றோரின் வேலை நேரத்தைத் தொடாமல் பிள்ளையின் படிப்பை மட்டும் தொட முடியும் என்று நினைப்பவர்கள், பள்ளிப் பைகளை வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடுகிறார்கள். (அந்தப் படங்களை எல்லோரும் பார்த்திருப்போம்.)

இன்னொன்று, தீர்வு பெரும்பாலும் அந்த இடத்திலேயே யாரோ ஒருவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். 1990ஆம் ஆண்டின் இறுதியில் 'சேவ் த சில்ரன்' என்ற தொண்டு நிறுவனத்தின் சார்பில் வியட்நாமுக்குச் சென்ற ஜெரி ஸ்டெர்னினும் மோனிக் ஸ்டெர்னினும் செய்ததை உங்கள் குழுவினருக்கு விரிவாகச் சொல்லலாம். குழந்தைகளின் ஊட்டக்குறைவைக் குறைத்துக் காட்ட அரசு அவர்களுக்குத் தந்த கெடு ஆறு மாதம்தான். அவர்கள் ஊட்டச்சத்து மாவு எதையும் கொண்டு போகவில்லை. அதே அளவு ஏழ்மையில் இருந்தும் பிள்ளைகள் நல்ல உடல்நிலையில் இருந்த வீடுகள் எவை என்று ஊர்மக்களையே தேடச் சொன்னார்கள். அந்த வீடுகளின் தாய்மார்கள் வயலில் கிடைத்த சிறு இறால்களையும் நண்டுகளையும் சர்க்கரைவள்ளிக் கீரையையும் பிள்ளைகளின் சோற்றில் சேர்த்திருந்தார்கள். குழந்தைகளுக்கு ஆகாது என்று மற்றவர்கள் ஒதுக்கியவை அவை. வழக்கம்போல இரண்டு வேளையோடு நிறுத்தாமல், சிறிது சிறிதாகப் பல வேளை ஊட்டினார்கள். அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது: மற்ற தாய்மார்கள் கூடிச் சமைக்க வந்தபோது, அன்றன்று தாங்களே பிடித்த இறாலும் பறித்த கீரையும்தான் நுழைவுக் கட்டணம். சொற்பொழிவு நடத்தியிருந்தால் இது நடந்திருக்காது.

உங்கள் குடியிருப்பிலும் முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு மூன்று வீடுகள் இருக்கக்கூடும். புதிய இடம் ஒன்றை வாடகைக்கு எடுப்பதற்கு முன்னால் அவர்களைத் தேடிப் பாருங்கள்.

கணக்கும் சட்டமும்:

நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் அறங்காவலராக இருப்பவன். ஆகவே அந்த இருவரின் பக்கமிருந்தும் சிறிது பேசுகிறேன். நிதி தவறான வழியில் போனால் பொறுப்பேற்க வேண்டியவர்கள் அவர்கள்தான். தயங்குவதைப் பிற்போக்கு என்று தள்ளிவிட வேண்டாம். எந்தத் தொகை வரையில், எந்த வகைச் செலவுகளில் மக்கள் குழுவின் முடிவே இறுதியானது என்பதை எழுத்தில் வைத்து அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டால், ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாக வழக்காட வேண்டியிருக்காது. மூன்று பொருள்கள் மட்டும் ஒருபோதும் கைமாற்ற முடியாதவை: குழந்தைகளின் பாதுகாப்பு, கணக்குத் தணிக்கை, சட்டத்துக்கு உட்பட்டு நடத்தல். கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் என்றால் யார் பார்த்துக்கொள்வார், அவரைப் பற்றி விசாரித்தது யார், பெற்றோருக்கு ஒரு முறையீடு இருந்தால் எங்கே சொல்வது என்பவை முதல் நாளே முடிவாக வேண்டும். அக்கம்பக்கத்தார்தானே என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

"மக்கள் சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மக்கள்? எந்தக் குடியிருப்பிலும் முதலில் கையுயர்த்துபவர், கூட்டத்துக்கு வர நேரம் இருப்பவர். அந்த நேரம் இருப்பதே ஒரு வசதிதான். விடியும் முன்பே வேலைக்குப் போகும் தாய் பிற்பகல் கூட்டத்தில் இருக்க மாட்டார். கடனாளி, தன் கடன்காரர் உட்கார்ந்திருக்கும் அறையில் வாய் திறக்க மாட்டார். உங்கள் இடத்தில் தாய்மார்களே பேசியிருப்பது நல்ல அறிகுறி. இருந்தாலும் வராத வீடுகளுக்கு யாராவது போய்க் கேட்டார்களா என்று பாருங்கள். அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தபோது, கருத்துக் கேட்பதை நடுப்படியில்தான் வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே கூட்டுப் பொறுப்பு, அதிகாரப் பகிர்வு, மக்களின் முழுக் கட்டுப்பாடு என்ற மூன்றும் இருக்கின்றன. நாம் நடத்தும் கூட்டங்களில் பல அந்த நடுப்படியைத் தாண்டுவதில்லை என்பது என் எண்ணம்.

மாற்றுக் கருத்து:

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் மக்களே தீர்த்துக்கொள்வார்கள் என்ற பேச்சு, செய்ய வேண்டியவர்கள் கைகழுவிக்கொள்ள ஒரு வசதியாகவும் மாறிவிடுகிறது. குறைந்த கூலியை ஒரு குடியிருப்பு எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும் தனியே உயர்த்த முடியாது. மூன்று வயதுக் குழந்தைக்கு உதவித்தொகை தருவதா வேண்டாமா என்பது நாடாளுமன்றத்தில் முடிவாகிறது. அனைத்துப் பரிமாணங்களிலும் உள்ள வறுமையில் வாழும் ஆண்கள், பெண்கள், குழந்தைகளின் விகிதத்தை 2030க்குள் பாதியாகவேனும் குறைப்போம் என்று ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஏற்றுக்கொண்டவை அரசுகள்.

கராச்சியின் ஒராங்கிப் பகுதியில் அக்தர் ஹமீத் கான் 1980இல் தொடங்கிய பணி இந்தப் பிரிவினையை அழகாகச் செய்தது. வீட்டுக் கழிப்பறையையும் சந்தின் சாக்கடைக் குழாயையும் அந்தச் சந்து மக்களே தங்கள் பணத்தில் அமைத்தார்கள். தொழில்நுட்ப வழிகாட்டல் மட்டும் வெளியிலிருந்து வந்தது. எல்லாச் சந்துகளின் கழிவையும் ஏற்கும் பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசின் வேலை என்று கோடு போட்டார்கள். உங்கள் நிறுவனமும் ஒவ்வொரு திட்டத்திலும் அந்தக் கோட்டை வரைய வேண்டும். பிள்ளை பராமரிப்பு இடத்தை மக்கள் நடத்தட்டும். அதைப் பொதுச் செலவில் நிலைநிறுத்தக் கோரி அதிகாரிகளின் மேசை வரை போவது தலைவரின் வேலை. போகும்போது அந்தத் தாய்மார்களில் இருவரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள், பேசுவதும் அவர்களாகவே இருக்கட்டும்.

பிள்ளைகளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லையே? தமக்குரிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை அதே உடன்படிக்கையின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. பள்ளியை விட்டு நின்ற அந்தப் பெண் பிள்ளை என்ன சொல்கிறாள்?

புதிய பொறுப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. கடைசிக் கேள்வி என்னை உறுத்துகிறது. பிள்ளைகளிடம் பேசும் பொறுப்பை அவர்களுக்குப் பழக்கமான ஓர் அக்காவிடம் விட எண்ணியிருக்கிறேன். அதிகார வரம்பு குறித்த தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு போகிறேன். படிவம் மட்டும் இன்னும் தீரவில்லை.

களப்பணி மூத்தவர்:

படிவத்தை நிரப்புவதற்கு முன் நிதியாளரைக் குடியிருப்புக்கு வரச் சொல்லாதீர்கள். விருந்தினர் வரும் நாளில் எல்லோரும் நாடகம் ஆடத் தொடங்கிவிடுவார்கள். ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: வகுப்புகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பினார்கள், ஒரு பருவம் முழுவதும் தொடர்ந்தார்களா என்ற இரண்டையும் அறிக்கையாகத் தர அனுமதி கேளுங்கள். எண் இரண்டும் தாய்மார்களே சரிபார்க்கக்கூடியவை, நிதியாளரின் கல்வி நோக்கத்துக்கும் மேலும் நெருக்கமானவை. காரணம் சொல்லிக் கேட்டால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். இவர் மறுத்துவிட்டால், இந்தத் தொகையை வகுப்பு கேட்கும் வேறொரு குடியிருப்புக்கு மாற்றிக்கொள்ள இசைவு பெறுங்கள். தாய்மார்கள் கேட்ட இடத்துக்கு நிபந்தனையில்லாத பொது நிதியிலிருந்து எடுங்கள்.