3 லிட்டர் ஒயின் பாட்டில்: என் கார்க் ஸ்க்ரூ கழுத்தில் பொருந்தவில்லை, எப்படித் திறப்பது?

மாடிவீட்டுக்காரி:
வணக்கம். அப்பாவின் பணி ஓய்வு விருந்து சனிக்கிழமை மாலை. உறவினரும் நண்பருமாக 18 பேர் வருகிறார்கள். சித்தப்பா 3 லிட்டர் போர்டோ சிவப்பு ஒயின் ஒன்றை அன்பளிப்பாகத் தந்திருக்கிறார், 2009 அறுவடை. என்னிடம் இருப்பது கழுத்தைக் கவ்விக்கொண்டு, பிடியை அழுத்தினால் தக்கையை இழுத்துவிடும் வகை. அதன் தாடை இந்தக் கழுத்தைச் சுற்றி மூடவே மாட்டேன் என்கிறது. போதாக்குறைக்கு வாயில் கெட்டியாக மெழுகு பூசியிருக்கிறார்கள். என்ன கருவி வேண்டும்? மெழுகைக் கத்தியால் செதுக்கி எடுக்கலாமா?

பரிமாறிப்பழகியவன்:
உங்கள் கருவியில் கோளாறு இல்லை அம்மா. அது 750 மி.லி. பாட்டிலின் கழுத்துக்கு அளவெடுத்துச் செய்தது. 1.5 லிட்டர் மேக்னம் வரை பெரும்பாலும் சமாளிக்கும். 3 லிட்டரில் கழுத்து அகலம், தக்கையும் பருமன். அதை வலுக்கட்டாயமாக மாட்டினால் கண்ணாடி விளிம்பு தெறிக்கும் அபாயம் உண்டு.

நீளமான, மெல்லிய கம்பிச் சுருள் கொண்ட கார்க் ஸ்க்ரூ வாங்குங்கள். மேலே குறுக்குப் பிடி மட்டும் உள்ள எளிய வகை போதும். மெழுகைச் செதுக்க வேண்டாம். தூள் எல்லா இடமும் பரவும். மெழுகின் மேலேயே நடுவில் குத்தித் திருகுங்கள். தக்கை பாதி வெளியே வந்ததும் நிறுத்தி, உடைந்த மெழுகை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மீதியை இழுங்கள். இந்தத் துடைப்பை விட்டுவிடுகிறவர்களின் கோப்பையில்தான் மெழுகு மிதக்கும்.

இரும்புக்கை:
இவ்வளவு எதற்கு? இரண்டு பக்கமும் இறக்கை தூக்குகிற சாதாரண கார்க் ஸ்க்ரூ எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதிலேயே திறந்துவிடலாம்.

பரிமாறிப்பழகியவன்:
நண்பரே, புதிய ஒயினாக இருந்தால் நானும் வாதாட மாட்டேன். இந்தத் தக்கை பத்தாண்டுக்கு மேல் ஒயினில் ஊறியது. இறக்கை வகைகள் பலவற்றில் சுருள் குட்டை. நடுவில் தண்டு வைத்த தடித்த திருகாணி. நீளத் தக்கையின் மேல் பாதியை மட்டும் பிடித்து நடுவில் துளை போட்டுவிடும். பிறகு அதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மிகப் பழைய தக்கைக்குச் சுருளும் இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளும் சேர்ந்த டியூராண்ட் என்ற கருவி இருக்கிறது. விலை அதிகம், ஒரே பாட்டிலுக்காக வாங்கச் சொல்ல மாட்டேன். தகடு மட்டும் உள்ள கருவியைத் தனியாகப் பயன்படுத்தினால் தளர்ந்த தக்கை உள்ளே விழுந்துவிடும், கவனம்.

மாடிவீட்டுக்காரி:
நன்றி ஐயா. எல்லோரும் கூடியிருக்கும்போது நடுக்கூடத்தில் திறக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பாட்டில் இப்போது படுக்கையாக இருக்கிறது.

வண்டல்பார்ப்பவர்:
இன்றைக்கே நிமிர்த்தி வையுங்கள். இந்த வயதுச் சிவப்பு ஒயினில் வண்டல் இருக்கும். அது அடியில் இறங்க ஓரிரு நாளாவது வேண்டும். பாட்டில் பெரிதாக ஆக, நேரமும் கூடும்.

நடுக்கூடத்தில் திறப்பதை நான் தடுப்பேன். ஒயின் கெட்டிருந்தால் என்ன செய்வீர்கள்? தக்கையிலிருந்து டி.சி.ஏ. என்ற சேர்மம் இறங்கியிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். சிறிய பாட்டிலில் அது நேர்ந்தால் ஒன்றோடு போயிற்று. இதில் நான்கு பாட்டில் ஒயின் ஒரேயடியாகப் போய்விடும். விருந்தினர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு அடுக்களையில் திறந்து, ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். மாற்றாகச் சாதாரண பாட்டில்கள் சில கையிருப்பில் இருக்கட்டும். அப்பாவுக்குக் காலிப் பாட்டிலை மேசை நடுவில் வைத்தால் போதும், படத்துக்கு அதுவே கம்பீரம்.

திறக்கும்போது பாட்டிலை உயரமான மேசையில் வைக்காதீர்கள். தரையிலோ தாழ்ந்த முக்காலியிலோ வைத்து, ஒருவர் துண்டு சுற்றிப் பிடிக்க, இன்னொருவர் நேர் மேலாக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் தக்கை முறியும்.

நிரம்பிய பாட்டில் 5 கிலோ அளவுக்குக் கனக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கோப்பையாக ஊற்றப் போனால், ஒவ்வொரு சாய்ப்பிலும் வண்டல் கலங்கும். ஒரே மூச்சில், மெதுவாக, நிறுத்தாமல் இரண்டு மூன்று கண்ணாடிக் கூஜாக்களுக்கு மாற்றுங்கள். ஒருவர் ஊற்ற, மற்றவர் கூஜாவை மாற்ற வேண்டும். கழுத்துக்குப் பின்னால் விளக்கு ஒன்று இருந்தால் வண்டல் நெருங்குவது தெரியும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். 150 மி.லி. வீதம் கணக்குப் போட்டால் 20 கோப்பை. அடி வண்டலைக் கழித்தால் உங்கள் 18 பேருக்கு ஆளுக்கொன்று சரியாக வரும், இரண்டாவது சுற்றுக்கு அல்ல.

புதியவன்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 3 லிட்டர் ஷாம்பெய்ன் இருக்கிறது. இதே முறைதானா?

பரிமாறிப்பழகியவன்:
இல்லவே இல்லை. அதில் கார்க் ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. உள்ளே ஏறக்குறைய 6 வளிமண்டல அழுத்தம் இருக்கும். பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த தொட்டியில் உள்ளிருக்கும் ஒயின் முழுதும் குளிரும்படி நன்றாக ஆற விடுங்கள். சிறிய பாட்டிலைவிட நெடுநேரம் பிடிக்கும். அடிப்பகுதியை மேசையில் ஊன்றிச் சாய்த்து, பாட்டிலின் வாய் யாரையும் எதையும் நோக்காமல், தக்கையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி பாட்டிலைத் திருப்புங்கள். தக்கையை இறுக்கிக் கட்டியிருக்கும் கம்பிக்கூட்டைத் தளர்த்திய நொடியிலிருந்து தக்கையின் மேலிருந்து கையை எடுக்காதீர்கள்.

மாடிவீட்டுக்காரி:
விருந்து முடிந்தது. மெழுகு சொன்னபடியே வந்தது. தக்கை மட்டும் முக்கால் வழியில் முறிந்தது. சுருளைச் சற்றுச் சாய்வாக மறுபடி செலுத்தி, மீந்த துண்டைக் கழுத்துச் சுவரோடு அணைத்து மேலே கொண்டுவந்துவிட்டோம். வாடை ஏதும் இல்லை, ஒயின் அருமை. சிலர் குடிக்காததால் முக்கால் லிட்டர் போல ஒரு கூஜாவில் மிஞ்சியிருக்கிறது. அதைப் பெரிய பாட்டிலிலேயே திரும்ப ஊற்றி மூடலாமா?

வண்டல்பார்ப்பவர்:
வேண்டாம், அதற்குள் ஒயினைவிடக் காற்றுதான் அதிகம் இருக்கும். கழுவி உலர்த்திய சிறு பாட்டில்களில் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பழைய ஒயின் என்பதால் நாளை, மறுநாளுக்குள் குடித்துவிடுங்கள். அதற்கு மேலானால் குழம்பில் ஊற்றலாம்.