பாரிஸ்: ஒலிம்பிக்ஸ்ல 6, பாராலிம்பிக்ஸ்ல 29. இதை எப்படிப் புரிஞ்சுக்கறது?

கேள்வி: அம்மாப்பேட்டை தறிக்காரர்

வணக்கம்ங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு நம்ம நாட்டுல இருந்து 117 பேர் போயி 6 பதக்கம், தங்கம் ஒண்ணுகூட இல்ல. ஆகஸ்ட் கடைசியில அதே ஊர்ல தொடங்கின, மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்ஸுக்கு 84 பேர் போயி 29 பதக்கம், அதுல 7 தங்கம். ஒலிம்பிக்ஸ்ல 71-வது இடம், பாராலிம்பிக்ஸ்ல 18-வது இடம். எங்க தறிக்கூடத்துல ஒருத்தர், "பாராலிம்பிக்ஸ்ல உடல் குறைபாட்டைப் பார்த்துப் பிரிவு பிரிவா பிரிச்சு வச்சிருக்காங்க, போட்டியே கம்மி"ங்கறார். உயரம் தாண்டற நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பன் மூணு பாராலிம்பிக்ஸ்ல வாங்கின பதக்கத்தையும் அந்தக் கணக்குல சேர்த்துட்டார். மனசு ஆறல. பதில் சொல்லவும் தெரியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: பி.டி. டீச்சர், ஓமலூர் பக்கம்

சார், பிரிவு நிறைய இருக்குங்கறது உண்மைதான். பாரிஸ்ல ஒலிம்பிக்ஸ் போட்டிகள் 329, பாராலிம்பிக்ஸ் போட்டிகள் 549. அதனால 29-ஐயும் 6-ஐயும் பக்கத்துல பக்கத்துல வைக்கறதே சரியில்ல. 29-ஐ நம்மளோட பழைய கணக்குகூட வச்சுப் பாருங்க. 2016 ரியோவுல 528 போட்டி இருந்துச்சு, நமக்குக் கிடைச்சது 4 பதக்கம். டோக்கியோவுல 539 போட்டி, 19 பதக்கம். பாரிஸ்ல 549 போட்டி, 29 பதக்கம். பிரிவுகள் அன்னைக்கும் இதே அளவுக்கு இருந்துச்சே, அப்ப ஏன் நாலோட நின்னோம்? நடுவுல வளர்ந்தது நம்ம பிள்ளைங்க.

"போட்டி கம்மி"ங்கறதுக்கு மாரியப்பன் தாண்டின உயரங்களே பதில். ரியோவுல 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவுல 1.86, வெள்ளி. பாரிஸ்ல 1.85, வெண்கலம். எட்டு வருஷத்துல இவர் தாண்டின உயரம் நாலு சென்டிமீட்டர்தான் குறைஞ்சிருக்கு, பதக்கமோ தங்கத்துல இருந்து வெண்கலத்துக்கு வந்துருச்சு. ஏன்னா டோக்கியோவுல அமெரிக்காவோட சாம் க்ரூ 1.88 தாண்டித் தங்கம் வாங்கினார். பாரிஸ்ல அதே 1.88-ஐத் தாண்டின நம்ம சரத் குமாருக்குக் கிடைச்சது வெள்ளிதான். தங்கம் வாங்கின எஸ்ரா ஃப்ரெச் 1.94 போயிட்டார். இவ்வளவு இறுகிப்போன போட்டியில, அஞ்சு வயசுல வலது கால் பஸ் சக்கரத்துல நசுங்கின ஒரு பையன் மூணு தடவையும் மேடை ஏறியிருக்கார். தொடர்ந்து மூணு பாராலிம்பிக்ஸ்ல பதக்கம் வாங்கின முதல் இந்தியர் அவர்தான். இதைச் சொல்றப்பல்லாம் எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போகும்.

பிரிவு பிரிக்கறது சலுகையும் இல்லீங்க. குத்துச்சண்டையில எடை பார்த்துப் பிரிக்கறதை யாராவது சலுகைன்னு சொல்றோமா? பாரிஸ்ல கிளப்ங்கற கட்டையை எறியற போட்டியில, எஃப்51 பிரிவுல, தரம்பிர் 34.92 மீட்டர் எறிஞ்சு தங்கம், பிரணவ் சூர்மா வெள்ளி. கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு, விரல் மடங்கிப் பிடிக்கவே சிரமப்படறவங்க எறியற போட்டி அது. அவங்களை வேற யார்கூட நிறுத்த முடியும்? பரிசோதனையும் கறாரா நடக்கும். டோக்கியோவுல வட்டு எறிதல்ல வினோத் குமார் வெண்கலம் வாங்கி, அந்தப் பிரிவுக்கு அவர் பொருந்தலைன்னு பதக்கத்தையே ரத்து பண்ணிட்டாங்க.

எனக்குக் கவலை வேற இடத்துல. 29-ல 17 பதக்கம் தடகளத்துல வந்தது. பேட்மின்டன்ல 5, துப்பாக்கி சுடுதல்ல 4, வில்வித்தையில 2, ஜூடோவுல 1. நீச்சல்ல மட்டும் 141 போட்டி இருந்துச்சு, அதுக்கு நாம அனுப்பினது ஒரே ஒரு ஆள். இத்தனைக்கும் பாராலிம்பிக்ஸ்ல நம்ம முதல் தங்கம் நீச்சல்லதான், 1972-ல முரளிகாந்த் பேட்கர் வாங்கினது. ஈட்டிக்குக் காலி மைதானம் போதும். நீச்சலுக்கு சக்கர நாற்காலி உள்ள போற வழி வேணும், உடை மாத்த இடம் வேணும், தண்ணியில கூடவே நிக்கற பயிற்சியாளர் வேணும். இது மூணும் ஒண்ணா இருக்கற குளம் எத்தனை ஊர்ல இருக்கு?

அவ்வளவு தூரம் ஏன், நான் வேலை பார்க்கற பள்ளியில உயரம் தாண்டறதுக்கு மணல் குழிதான். பின்பக்கமா முதுகு சாய்ச்சுத் தாண்டற முறையைச் சொல்லிக்கொடுக்க, கீழ கனமான ஃபோம் மெத்தை வேணும். மணல்ல முதுகோ கழுத்தோ பட்டு விழற மாதிரி எந்தப் பிள்ளையையும் தாண்டச் சொல்ல மாட்டேன். அதனால ஒவ்வொரு காலா தூக்கிப் போட்டுத் தாண்டற கத்திரிக்கோல் முறையோட நிறுத்திக்கறோம். அந்த மெத்தை இருந்தா எங்க பிள்ளைங்க எவ்வளவு தாண்டுவாங்கன்னு தினமும் நினைக்கறேன்.

தமிழ்நாட்டுக் கணக்கையும் உங்க தறிக்கூடத்துல சொல்லுங்க. துளசிமதி வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம், மாரியப்பன் வெண்கலம். பதக்கம் வாங்கின நாலு பேர்ல மூணு பேர் பொண்ணுங்க, மூணு பேருமே பேட்மின்டன்.

பதில்: ஏற்காடு அம்மா

டீச்சர், நாங்க நாகலூர் பக்கம் காபித் தோட்டத்துல இருக்கோம். என் பொண்ணுக்கு 12 வயசு, பிறந்ததுல இருந்து காது கேக்காது. மேட்டுப் பாதையில அவ ஓடினா பையன்களே பிடிக்க முடியாது. அவளும் பாராலிம்பிக்ஸுக்குப் போக முடியுமா? இங்க யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல.

பதில்: பி.டி. டீச்சர், ஓமலூர் பக்கம்

அம்மா, கேட்டது நல்லதாப் போச்சு. காது கேளாதவங்களுக்கு பாராலிம்பிக்ஸ்ல பிரிவு கிடையாது. அவங்களுக்குன்னு தனியா டெஃப்லிம்பிக்ஸ் இருக்கு, 1924-ல பாரிஸ்ல தொடங்கினது. 2022-ல பிரேசில்ல நடந்தப்ப மதுரைப் பொண்ணு ஜெர்லின் அனிகா பேட்மின்டன்ல மூணு தங்கம் வாங்கினா. நல்லாக் கேக்கற காதுலகூட 55 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருக்கணும். போட்டி நேரத்துல காது மெஷினைக் கழட்டி வச்சிடணும், எல்லாருக்கும் ஒரே நிலைமை இருக்கணும்னு அப்படி ஒரு விதி. ஓட்டத்தைத் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பதிலா விளக்கைப் போட்டுத் தொடங்குவாங்க. அதனால பாப்பாவுக்கு இப்பவே வெளிச்சத்தைப் பார்த்துக் கிளம்பப் பழக்குங்க. டார்ச் லைட் ஒண்ணு போதும், நீங்களே வீட்டு முன்னாடி செய்யலாம்.

முதல் வேலையா ரெண்டு காதுக்கும் ஆடியோகிராம், அதாவது எவ்வளவு கேக்குதுன்னு பார்க்கற பரிசோதனை, எடுத்து வைங்க. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லைன்னா அதுக்கும் விண்ணப்பம் போட்டுடுங்க. முதலமைச்சர் கோப்பைப் போட்டியில மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கு, ஆன்லைன்ல பதிவு பண்ணணும். சேலம் வந்தா காந்தி ஸ்டேடியத்துல மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கு, பாப்பாவையும் கூட்டிட்டுப் போய் நேர்லயே விசாரிங்க. மலையில இருந்து இறங்கி வர்றது ஒரு நாள் வேலை, உங்க கூலி போகும், தெரியும். அதனால காகிதம் எல்லாத்தையும் கையில வச்சுக்கிட்டு ஒரே தடவையா வாங்க. வர்ற தேதியை இங்க எழுதுங்க, நானும் ஸ்டேடியத்துக்கு வந்து பாப்பா ஓடறதைப் பார்க்கறேன்.