புதுப்பிப்பு: வறண்ட மலையில் எல்க் வேட்டை

கொலராடோவின் ஒயிட் ரிவர் தேசியக் காட்டில் குட்டைகள் வற்றி வேட்டைக்காரர் கூட்டமும் பெருகிய நிலையில், எல்க் என்ற பெரிய மானை வில்லால் வேட்டையாட எங்கே உட்காருவது என்று கேட்டிருந்தேன். பருவம் முடிந்துவிட்டது.

பெரிய குளங்களை விட்டுவிடச் சொன்னவர்களுக்கு நன்றி. வெளிமாநிலத்தவருக்கான வில் உரிமம் 2025 முதல் குலுக்கலுக்குப் போன பிறகும் அந்தக் கரைகளெல்லாம் பூட்ஸ் தடங்கள்தான். எல்க் இருட்டிய பிறகே இறங்குகிறது. வடக்குச் சரிவின் அடர்ந்த ஸ்புரூஸ் மரங்களுக்குள் கசியும் ஊற்றுகளைத் தேடினேன். ஒன்றில் ஒரு கை அகலத் தண்ணீர்கூட இல்லை. ஆனால் சேறு புதிதாகக் கலங்கியிருந்தது, குளம்புத் தடங்களில் நீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது, ஆண் எல்க் புரண்ட இடத்தில் மூத்திர வாடை மூக்கைத் துளைத்தது.

மற்றதெல்லாம் காற்றின் கையில். வெயில் ஏறினால் காற்று சரிவில் மேலேறும்; எனவே பிற்பகலில் ஊற்றுக்கு மேற்புறம் உட்கார்ந்தேன். நிழல் விழுந்து காற்று இறங்கத் தொடங்குமுன் பக்கவாட்டில் நகர்ந்துவிட வேண்டும். எல்க் போலக் கூவி அழைப்பதை அறவே நிறுத்தினேன். வேட்டைக்காரர்களால் தொல்லைப்பட்ட ஆண் எல்க்குகள் வாயே திறப்பதில்லை.

பெண் எல்க் ஒன்று கிடைத்தது. செப்டம்பர் வெப்பத்தில் இறைச்சி விரைவில் கெடும் என்பதால், உடனே தோலுரித்துத் துணிப்பைகளில் நிழலில் தொங்கவிட்டோம்.

ஒரே ஊற்றில் தினமும் காத்திருக்காதீர்கள். இந்த வறட்சியில் எல்க்குகளுக்குப் பக்கத்தில் வேறு தண்ணீர் கிடையாது; அவற்றைக் குடிக்கவே விடாமல் செய்துவிடுவோம்.