‘எதிர்நீச்சல்’ 40 சதவீதம்: சீரியலில் சொத்து கைமாறுவது இப்படித்தானா?

மன்னார்குடி வாசகி:

சன் டிவியில 2022 பிப்ரவரியில ஆரம்பிச்சு 2024 ஜூன்ல முடிஞ்ச ‘எதிர்நீச்சல்’ல அப்பத்தா பட்டம்மாளோட 40 சதவீதப் பங்குதான் பல மாசம் கதையை இழுத்துச்சு. அந்த வீட்டு மகன் ஆதி குணசேகரன் ஒரு பக்கம், அவரை எதிர்த்து நிக்கிற ஜீவானந்தம் ஒரு பக்கம். அந்த ட்ராக் ஓடினப்போ ஏழு வயசுப் பிள்ளைகூட “நாப்பது சதவீதம்”னு பேசுச்சு. ஆனா எதுல நாப்பது? நிலத்துலயா, வீட்டுலயா, தொழில்லயா? கடைசிவரைக்கும் சர்வே நம்பர்னு ஒரு வார்த்தை காதுல விழுந்த மாதிரி இல்ல.

இந்த ஒரு தொடர்னு இல்ல. பொதுவா சீரியல்ல மயக்கத்துல கிடக்குற பெரியவங்க கட்டைவிரல்ல மை தடவி பத்திரத்துல அமுக்குவாங்க, மறுநாள் காலையில குடும்பமே மூட்டையோட தெருவுல நிக்கும். நிஜத்துல இது நடக்குமா? இதே கதையை நம்ம தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் நடக்குற மாதிரி எழுதினா எங்கெங்க இடிக்கும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. “சீரியல்ல லாஜிக் பார்க்கலாமா”ங்கிற பதில் மட்டும் வேண்டாம், அது ஏற்கனவே வீட்டுல கிடைக்குது.

பத்திர எழுத்தர், திருவாரூர்:

மயங்கிக் கிடப்பவரின் கைநாட்டால் ஒரு செண்ட் நிலம்கூட நகராது அம்மா.

விற்பனையோ, செட்டில்மெண்டோ, பாகப்பிரிவினையோ, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்து என்றால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி பதிவு செய்தாக வேண்டும். (தானத்துக்கு அந்த 100 ரூபாய் வரம்பும் கிடையாது.) கையெழுத்து விழுந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எழுதிக் கொடுப்பவர் சார்பதிவாளர் முன்னால் உட்கார்ந்து “ஆமாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன்” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேயே கேமராவில் படம் எடுப்பார்கள், விரல்ரேகை பிடிப்பார்கள். இரண்டு சாட்சிகள் அடையாள அட்டையோடு நிற்க வேண்டும். ஆள் புத்தி சுவாதீனத்தில் இல்லை என்று தெரிந்தால் 35ஆம் பிரிவுப்படி பதிய மறுக்க வேண்டியது அவர் கடமை.

படுத்த படுக்கையாக இருந்தால்? தனிக் கட்டணம் கட்டினால் அதிகாரி வீட்டுக்கே வந்து பதிவார், சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வந்தவர் படுத்திருப்பவரிடம் நேரில் கேட்பார். வில்லன் பக்கத்தில் நின்று பதில் சொல்ல முடியாது.

அடுத்து, பீரோவை உடைத்து மூலப்பத்திரத்தைத் திருடி, எல்லார் கண்முன்னாலும் கிழித்துப் போடும் காட்சி. கிழித்தால் போவது காகிதம்தான். பத்திர எண்ணும் ஆண்டும் தெரிந்தால் சார்பதிவகத்தில் மனுப்போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். எண் தெரியாவிட்டாலும் சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் (அந்தச் சொத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டால் எண் வந்துவிடும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே காசில்லாமல் பார்க்கலாம். கதாநாயகி செல்போனில் ஐந்து நிமிடம் தேடினால் முடியும் விஷயத்துக்கு ஐம்பது எபிசோடு அழுகிறார்.

அந்த 40 சதவீதத்துக்கு வருவோம். பத்திரத்தில் சொத்து விவரம் என்று ஒரு பகுதி இருக்கும். கிராமம், சர்வே எண், பரப்பு, நான்கெல்லை. பிரிபடாத பங்கு என்றாலும் எந்தச் சொத்தில் எத்தனை பங்கு என்று எழுத வேண்டும். அப்படி ஒருவர் தன் 40 சதவீதத்தை வெளியாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், வாங்கியவர் மறுநாள் அரிவாளோடு வந்து வரப்புப் போட முடியாது. பாகப்பிரிவினை வழக்குப் போட்டுத்தான் தன் பாகத்தைப் பிரித்து வாங்க வேண்டும். குடியிருக்கும் வீடாக இருந்தால், பங்கு வாங்கிய வெளியாளுக்குக் கூடவே குடியிருக்கும் உரிமையும் இல்லை. சொத்து மாற்றுச் சட்டம் 44ஆம் பிரிவு. ஆக “வீட்டைவிட்டு வெளியே போங்க” என்ற வசனத்துக்கு அடிப்படையே இல்லை.

உண்மையில் மோசடி நடக்கும் வழிகள் வேறு. ஒன்று ஆள்மாறாட்டம். இன்னொன்று பவர், அதாவது தனக்காகப் பத்திரம் போட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம். பவர் கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் அதோடு செத்துவிடும். அதை மறைத்துப் பத்திரம் போடுவதுதான் பழைய தந்திரம். அதனால்தான் ஏஜென்ட் வந்தால் எழுதிக் கொடுத்தவர் உயிரோடிருப்பதற்குச் சான்று கேட்கிறார்கள். இதை வைத்து ஒரு ட்ராக் எழுதினால் நான் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.

கும்பகோணம் டிகிரி காபி:

பத்திரக்கார அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனா எழுதுறவங்களுக்கு இது தெரியாதுன்னு நினைக்காதீங்க.

சீரியலுக்குத் தேவை ஹால்ல வச்சே எடுக்கக்கூடிய சண்டை. சார்பதிவகம்னு காட்டினா இடம் வேணும், அனுமதி வேணும், பின்னாடி நிக்க ஆள் வேணும், ஒரு நாள் ஷூட்டிங் போயிடும். ஒரு பேனா, ஒரு பத்திரம், நாலு மருமகள் முகத்துக்கு குளோசப், இது போதும்னா ஏன் வெளிய போவாங்க? அரை மணி நேரத்துல விளம்பரம் போக இருபது நிமிஷம் சொச்சம் கதை. அதுல முன்கதைச் சுருக்கம் வேற. கை பத்திரத்துக்குப் பக்கத்துல போற இடத்துல வாரக் கடைசி எபிசோடை நிறுத்தினா திங்கக்கிழமை வரைக்கும் ஆள் காத்திருப்பாங்க. வியாழக்கிழமை பார்க் (BARC) ரேட்டிங், அதாவது எத்தனை பேர் பார்த்தாங்கங்கிற கணக்கு வருது, நம்பர் ஏறியிருந்தா அதே பத்திரம் இன்னும் ரெண்டு மாசம் கையெழுத்தாகாது.

என் கணக்குல ‘எதிர்நீச்சல்’ சொத்து ட்ராக்கைத் தூக்கி நிறுத்தினது சட்டமும் இல்ல, சதியும் இல்ல. குணசேகரனா நடிச்ச மாரிமுத்து. அந்த “ஏம்மா ஏய்”ல ஒரு வீட்டோட பயம் மொத்தமும் இருந்துச்சு. 2023 செப்டம்பர் 8 அன்னைக்கு அவர் போயிட்டாரு. அப்புறம் வேல ராமமூர்த்தி வந்தாரு, நல்ல நடிகர்தான். ஆனா குணசேகரன் அதுவரைக்கும் கத்தாமலே, கேலி பேசியே பணிய வச்ச ஆள். பிறகு வந்த குணசேகரன் முறைச்சே பணிய வைக்கப் பார்த்தாரு. கதை அடிதடி பக்கம் சாய்ஞ்சது அங்கதான்.

‘எதிர்நீச்சல்’ இயக்குநர் திருச்செல்வத்தோட ‘கோலங்கள்’ (2003–2009) பாருங்க. அதுல அபிக்கும் ஆதிக்கும் (இந்த ஆதி வேற) நடந்தது தொழில் போட்டி. அதனால அலுவலகம், கட்டடம்னு கதை வெளிய போச்சு. ‘மெட்டி ஒலி’யில சிதம்பரத்துக்கு அஞ்சு பொண்ணுங்க, பிரச்சினை பூரா சீரும் மாமியாரும். பத்திரத்துக்கு அங்க வேலையே இல்ல, யாருக்கும் குறையாவும் தெரியல.

நன்னிலம் சம்பா:

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். நம்ம பக்கம் வச்சா முதல் வசனமே இடிக்கும். “எனக்கு 500 ஏக்கர் இருக்கு”ன்னு மீசையை முறுக்க முடியாது. 1961 நில உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்னு (நிலத்தோட தரத்தை வச்சுப் போடுற ஏக்கர் கணக்கு) வச்சுச்சு. 1970ல அதை அஞ்சு பேர் குடும்பத்துக்கு 15ஆக் குறைச்சாங்க. அதுக்கு மேல ஒரு வீட்டுல நிலம் இருக்குன்னா அது பினாமி கதை, அதையே கதையா எடுக்கலாம். அப்புறம் இங்க ஏக்கர்னு பேசுறவங்களைவிட மாவுல பேசுறவங்க அதிகம். 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 செண்ட். 20 மா ஒரு வேலி, ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைய. “ரெண்டு வேலி நிலத்தை எழுதி வாங்கிட்டான்”னு ஒரு கிழவி சொன்னா எங்க ஊர்ல எல்லாருக்கும் கனம் புரியும்.

பெரிய இடி குத்தகைதான். நிலத்துக்காரர் யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் குத்தகைக்கு உழுறவரை லேசுல வெளியேத்த முடியாது. 1955 சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. 1969 சட்டப்படி குத்தகைப் பதிவேட்டுல பேர் ஏறியிருந்தா இன்னும் கெட்டி. வருவாய் நீதிமன்றத்துல குத்தகை பாக்கி மாதிரி சட்டம் சொல்ற காரணத்தை நிரூபிச்சாத்தான் வழி. நியாயக் குத்தகை விளைச்சல்ல கால் பங்குதான். ஆக வில்லன் ஜெயிச்சு வாங்கின நிலத்துல அவனுக்குக் கிடைக்கிறது நாலுல ஒண்ணு நெல்லு, மிச்சம் கோர்ட்டு வாய்தா.

கோயில் நிலம்னா இன்னும் வேடிக்கை. இங்க எத்தனையோ குடும்பம் தலைமுறையா உழுறது கோயில் நிலம், இல்லேன்னா மடத்து நிலம். உழுற உரிமை மட்டும்தான். யாருக்கும் கிரயம் பண்ண முடியாது, பதிவுச் சட்டம் 22ஏ பிரிவுல பதிவையே மறுப்பாங்க. மூணு எபிசோடு சண்டை போட்டு எழுதி வாங்கினப்புறம் அது சாமி பேர்ல இருக்கிற நிலம்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்!

அடங்கலை, அதாவது எந்த நிலத்துல யார் என்ன பயிர் வச்சாங்கங்கிற கிராமக் கணக்கை, சீரியல்ல நான் பார்த்ததில்ல. கொள்முதல் நிலையத்துல நெல்லு போடணும்னா கிராம நிர்வாக அலுவலர் கொடுக்கிற அடங்கல் வேணும், பணம் வங்கிக் கணக்குல ஏறும். அண்ணன் தம்பி மூணு பேர் நிலத்துல தம்பி உழுது, அண்ணன் பேர்ல அடங்கல் வாங்கினா, 40 கிலோ சிப்பம் ஒவ்வொண்ணுக்கும் காசு அண்ணன் கணக்குக்குப் போகும். பத்திரம் ஒண்ணும் மாறல, கையெழுத்து ஒண்ணும் போலி இல்ல. தம்பி வீட்டுல அடுப்பு எரியாது. இதோட ஐப்பசி மழையில குறுவை நெல்லு களத்துல நனைஞ்சு, 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல போய் எடை போட மாட்டேன்னு நிக்கிறதையும் சேர்த்துக்குங்க. வில்லனே வேணாம்.

இன்னொண்ணு. சித்திரை மாசத்துக் கதையில கதாநாயகி காவிரியில குதிக்கக் கூடாது. மேட்டூர் வழக்கமா ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவாங்க. சித்திரையில குதிச்சா மணல்ல கால்தான் உடையும்.

மாயவரம் கணக்குப்பிள்ளை:

எல்லாரும் பத்திரத்தைப் பேசினீர்கள், பங்கைப் பேசவில்லை. ‘எதிர்நீச்சல்’ வீட்டில் தாய் விசாலாட்சி, மகன்கள் குணசேகரன், ஞானம், கதிர், சக்தி, மகள் ஆதிரை. தகப்பன் சொந்தமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போன சொத்து, வாரிசுகள் இவர்கள் மட்டுமே என்று வைத்துக்கொண்டால் ஆறு பேருக்கும் சமம், ஆளுக்கு ஆறில் ஒன்று. அதுவே பூர்வீகச் சொத்து, தகப்பன் 2005 செப்டம்பர் 9க்குப் பிறகு இறந்தார் என்று வைத்தால் கணக்கு மாறும். முதலில் தகப்பன், நான்கு மகன், ஒரு மகள் என்று ஆறாகப் பிரித்து, தகப்பனின் ஆறில் ஒன்றைத் தாயும் ஐந்து பிள்ளைகளும் மறுபடி ஆறாகப் பிரிப்பார்கள். பிள்ளைகளுக்குத் தலைக்கு 36இல் 7, தாய்க்கு 36இல் 1.

கவனியுங்கள், இந்தக் கணக்கில் ஆதிரை எந்த அண்ணனுக்கும் குறைந்தவள் இல்லை. நான்கு மருமகள்களுக்கோ கணவன் உயிரோடு இருக்கும்வரை மாமனார் சொத்தில் பங்கு கிடையாது. சீரியலில் பாதி வசனம் “எங்க பங்கைக் கொடுங்க” என்று மருமகள் கேட்பது. கேட்க உரிமையுள்ள பெண்ணுக்கோ கதையில் கல்யாணக் கவலை மட்டுமே. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அன்று கல்யாணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை வந்துவிட்டது. 2005 மத்தியச் சட்டம் கல்யாணமான பெண்களையும் சேர்த்தது. தகப்பன் அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் முடித்துவைத்தது.

டெல்டாவில் இதற்கு மயக்க ஊசி தேவைப்படுவதில்லை. “உனக்குத்தான் நகையும் சீரும் செஞ்சாச்சே” என்று காரில் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். தங்கை முழு நினைவோடு, சிரித்த முகமாக, போட்டோவும் எடுத்துக்கொண்டு, 36இல் 7ஐ விட்டுக்கொடுத்துவிட்டு அண்ணி கையால் சாப்பிட்டுவிட்டு வருவாள். வாயால் “வேண்டாம்” என்று சொன்னது செல்லாது, பதிந்தால்தான் செல்லும். அதனால்தான் அத்தனை அன்பாகக் கூட்டிப்போகிறார்கள். அந்த கார் பயணத்தை மட்டும் ஒரு வாரம் எடுக்கலாம்.

மன்னார்குடி வாசகி:

கார் பயணம்னு சொன்னீங்களே, அதைப் படிச்சுட்டு வீட்டுல ரெண்டு பேர் பேசாம எழுந்து போயிட்டாங்க. நன்றி எல்லாருக்கும். ஒண்ணு மட்டும் பாக்கி. உயில். வக்கீல் கறுப்புக் கோட்டோட வீட்டுக்கு வந்து, குடும்பத்தை உட்கார வச்சு வாசிப்பாரே, அதுவும் கதைதானா? வெத்துத் தாள்ல எழுதின உயில் செல்லுமா?

பத்திர எழுத்தர், திருவாரூர்:

வாசித்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை அம்மா, அது நாடகத்துக்காக. வெற்றுத் தாளில் எழுதினாலும் செல்லும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டும், இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். வழக்கென்று வந்தால் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். சீரியலில் உயிலைத் தேடி ஓடுகிறவர்கள் சாட்சியைத் தேடுவதே இல்லை. அந்தச் சாட்சிகளுக்கும் வயதாகியிருக்கும், அங்கேதான் நிஜ வழக்குகள் தோற்கின்றன.

எத்தனை உயில் எழுதினாலும் கடைசியாக எழுதியதுதான் நிற்கும். பதிந்த உயிலைப் பின்னால் எழுதிய பதியாத உயில் ரத்து செய்யும். பதியாத உயில் வில்லங்கத்திலும் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்றால் 42ஆம் பிரிவுப்படி உறையில் போட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவிடலாம். எழுதியவர் இறந்தபின் மனுக்கொடுத்தால் மனுதாரர் முன்னிலையில் பிரித்து, படியெடுத்துப் புத்தகத்தில் ஏற்றுவார்கள். மூல உயில் அலுவலகத்திலேயே இருக்கும். அந்த உறையை எந்தக் குணசேகரனாலும் பீரோ உடைத்து எடுக்க முடியாது.