இறுக்கமா விளையாடுற ஆளுக்கு முன்னால ராசாச் சோடி

உப்புவெளியில இருந்து:

வாடை தொடங்கிக் கடல் கொந்தளிச்சா எங்கட பக்கம் பின்னேரங்களில போக்கர்தான். காசு வைக்கிறதில்லை, புளியங்கொட்டைதான். தபால் கந்தோரில இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணை வருவார். சீட்டை ஒருக்காப் பார்ப்பார், அநேகமா அப்பிடியே குப்புற வைச்சிடுவார். அவர் ரெய்ஸ் பண்ணினா, அதாவது போடுற கொட்டையைக் கூட்டினா, மேசையில கதை நிண்டுபோகும்.

போன கிழமை எனக்கு ராசாச் சோடி வந்தது. நான் ரெய்ஸ், அண்ணை மட்டும் கோல், அதேயளவு போட்டார். ஃப்ளாப்பில, எல்லாருக்கும் பொதுவா மேசையில விரிக்கிற முதல் மூண்டு சீட்டில, ஜேக், எட்டு, நாலு, மூண்டும் வேற வேற இனம். அண்ணை செக், ஒண்டும் போடேல்லை.

இப்பிடியான ஆளோட நான் முதல் யோசிக்கிறது ஒண்டுதான்: என்னை விடச் சின்னக் கை எதோட இவர் கொட்டை போடுவார்? ஆசு-ஜேக் எண்டா போடுவார், சீட்டு இனங்களை மாத்திப் பார்த்தா அது 12 விதமா வரலாம். ராணிச் சோடி 6 விதம். என்னை வெல்லுற மூண்டு ஜேக், மூண்டு எட்டு, மூண்டு நாலு ஒவ்வொண்டும் 3 விதம், மொத்தம் 9. ஆசுச் சோடி இருந்தா ஃப்ளாப்புக்கு முதலே திருப்பி ரெய்ஸ் பண்ணியிருப்பார். நான் வெல்லுற 18-க்கு தோக்கிற 9 எண்டா துணிஞ்சு போடலாம். நடுவில கிடந்ததில பாதியளவு போட்டன். கோல். டர்னில, நாலாவது பொதுச் சீட்டில, ஒரு இரண்டு விழுந்தது, திரும்பவும் போட்டன். அண்ணை கண்ணாடியைக் கழட்டிச் சாரத்தில துடைச்சார். பிறகு கொட்டையை ஒவ்வொண்டா எண்ணி மூண்டு மடங்கு தள்ளி வைச்சார்.

அதோட அந்த 18-உம் போச்சு. ஆசு-ஜேக்கோட இந்த மனிசன் கோல் பண்ணுவார், ரெய்ஸ் பண்ணவே மாட்டார். எனக்கு உதவக்கூடியது மிச்ச ராசா இரண்டு, ரிவரில, கடைசிப் பொதுச் சீட்டில, அது வர 100-க்கு நாலைஞ்சு தரம்தான் வாய்ப்பு. ராசாச் சோடியைக் குப்புற வைச்சிட்டன்.

உவர்மலையில இருந்து:

வைச்சது சரி அண்ணா. ஆனா இறுக்கமான ஆள் எண்டதும் பயந்து கடைசி மட்டும் செக் பண்ணுறவைதான் கன பேர். 304 எண்ட சீட்டு விளையாட்டு விளையாடி வளர்ந்த ஆக்களைப் பாருங்கோ, ஜேக் 30, ஒன்பது 20 எண்டு கையில கிடந்தாத்தான் கேள்விக்கே, அதாவது ஏலம் கூறவே, வாய் திறப்பினம். போக்கரிலயும் அதே ஆக்கள், நடுத்தரக் கையோட பேசாமக் கோல் பண்ணிக்கொண்டு இருப்பினம். அண்டைக்கு என்னட்ட ஆசு-ராணி, மேசையில பெரிசு ராணி. மாமா ஒராள் ரிவர் வரைக்கும் கோல்தான். நடுவில கிடந்ததில மூண்டில ஒண்டு மட்டும் போட்டன். நெடுகப் பார்த்துப்போட்டுக் கோல் பண்ணினார், பத்துச் சோடியோட. பாதிக்கு மேல போட்டிருந்தா எறிஞ்சிருப்பார்.

உப்புவெளியில இருந்து:

ஓம் தங்கச்சி, ரிவரில அந்த அளவுதான். டர்னில அண்ணை சும்மா கோல் பண்ணியிருந்தா நானும் மூண்டில ஒண்டு போட்டிருப்பன், ஆசு விழாட்டி மட்டும். ஆசு விழுந்தா அவரிட்ட இருக்கிற ஆசு-ஜேக் இரண்டு சோடியாகிடும், அதுக்குச் செக்தான்.